ஜர்னல் டிஸ்க்கில் வைத்த பொட்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும்,

வேலையில் சேர்ந்த அன்று டீக்கடையில் என்னிடம் கேட்டீர்கள்: "அக்கா, டேட்டாபேஸோட ஜர்னல எங்க வைக்கிறது நல்லது?" நான் "தனி டிஸ்க்கில்" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டேன். அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். மீதியையும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இந்த மாதக் கடைசியோடு நான் இங்கிருந்து கிளம்புகிறேன். ஓய்வு பெறுகிற வயது எனக்கு ஆகவில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்குத் திரும்பும் எண்ணம் இல்லாததால், இதை ஓய்வு என்றே வைத்துக்கொள்ளலாம். எந்த மில்லுக்கு எந்தச் சர்வர், பேக்கப் எப்போது ஓடுகிறது, கடவுச்சொல் யார் பொறுப்பு என்பதெல்லாம் ஒப்படைப்புக் குறிப்பில் வரிசை எண்ணோடு இருக்கிறது. எண் போடாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். நான் எழுதப்போவது எண்ணுக்குள் அடங்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஜர்னல் என்றால் என்ன என்பதை நம் ஊர்க் கணக்கிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டமான ஒரு பிரியாணிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் இருப்பவர் வருகிற ஒவ்வொரு ஆர்டரையும் சீட்டில் கிறுக்கி, பக்கத்தில் இருக்கும் ஆணியில் குத்திவிடுகிறார். கொஞ்சம் கூட்டம் குறைந்ததும் ஆணியில் இருக்கும் சீட்டுகளைப் பார்த்துப் பெரிய நோட்டில் ஏற்றுகிறார். திடீரென்று கரண்ட் போய், பாதியில் எல்லாம் குழம்பினாலும் கவலை இல்லை. நோட்டில் ஏறாதது ஆணியில் இருக்கும், வரிசையாகவும் இருக்கும். அந்த ஆணிதான் ஜர்னல், நோட்டுதான் டேட்டா.

ஆணியும் நோட்டும் ஒரே மேசையில் இருந்தால் ஒரே ஆள் இரண்டுக்கும் கையை நீட்ட வேண்டும், வேகம் குறையும். மேசை எரிந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதனால்தான் தனி டிஸ்க். ஒருமுறை பழனியில் ஒரு லாட்ஜுக்குத் தைப்பூசக் கூட்டத்தில் அறைப் பதிவு நின்று நின்று ஓடியது. முதலாளி போனில், "ஏனுங்க மேடம், காவடியோட சனம் வாசல்ல நிக்குதுங்க, உங்க பொட்டி சும்மா சுத்திக்கிட்டே கெடக்குதுங்க" என்று கத்தினார். ஜர்னலைத் தனி டிஸ்க்குக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. அடுத்த முறை போனபோது கையில் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்தார். அன்று முதல் எங்கு போனாலும் தனி டிஸ்க்கைப் பரிந்துரைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அப்படித்தான் வேடசந்தூர்ப் பக்கம் இருக்கும் ஒரு நூல் மில்லுக்கும் பரிந்துரைத்தேன். பெயர் வேண்டாம். மில்லின் மேனேஜர் மேசை டிராயரைத் திறந்து, யூஎஸ்பி வயரோடு இருந்த ஒரு வெளி டிஸ்க்கை எடுத்து வைத்தார்.

"இந்தா, இதுவும் டிஸ்க்குதான? இதுல வையுங்க."

இது ஆகாது என்று எழுத்திலேயே கொடுத்தேன். வயர் அசைந்தால் போச்சு. பிடுங்கித் திரும்பச் செருகினால் சர்வர் அதற்கு E, F என்று வேறு டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிடும், இருந்த இடத்தில் ஜர்னல் இல்லை என்று டேட்டாபேஸ் மலைத்து நிற்கும். நம் சீனியர் படித்துவிட்டு, "நீ சொல்றது சரிதாம்மா. இப்போதைக்கு ஓடட்டும்" என்றார். இந்தத் தொழிலில் 'இப்போதைக்கு' என்று வைத்தவை மாதிரி நீண்ட ஆயுள் வேறு எதற்கும் கிடையாது.

டிஸ்க் சர்வர் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் தங்கவேல் அண்ணன். மில்லில் எங்கு பார்த்தாலும் பஞ்சு பறக்கும். அவர் தினமும் காலையில் அந்த டிஸ்க்கைத் துடைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து வைப்பார். எதிர் அறைதான் நூலைச் சோதிக்கும் லேப். அங்கே பொறுப்பில் இருந்தவள் நாகஜோதி. என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்பாள். ஜவுளி டிப்ளமோ படித்தவள். அவள் ஊரிலிருந்து மில் பஸ்ஸில் வரும் பெண்கள் எல்லோரும் ஸ்பின்னிங்கில் நின்று வேலை பார்த்தார்கள், இவள் ஒருத்திதான் லேப்பில் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலி அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, மற்றவர்கள் சாதாரணமாக அதில் உட்காரும்போது அவள் முகம் போகும் போக்கில் தெரியும்.

"அண்ணே, அந்த டிஸ்க்குக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டாத குறைதான்" என்று தங்கவேல் அண்ணனைச் சீண்டுவாள்.

"உனக்கு என்ன பொறாம? உன் மெசினையும் தொடச்சு விடவா?"

"ஐயோ சாமி, நீங்க தொட்டா அது கண்ணத் தொறந்து பாத்துரும். வேணாம்."

ஆயுத பூஜை வந்தது. மில்லில் அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா மெஷினும் நிற்கும், கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பூசணிக்காய், பொரி, கடலை. அன்று காலையில் நாகஜோதி ஒரு வேலையை முடிக்க லேப்புக்குப் போயிருந்தாள். முந்தைய நாள் தயாரான ஒரு லாட், அதாவது ஒரே தொகுப்பு நூலில் கொஞ்சம் எடுத்து, சிறிதாகப் பின்னி, சாயத்தில் முக்கி வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தால் கோடு கோடாக வந்திருந்தது. வேறு லாட்டின் நூல் சுற்றிய கோன்கள் கலந்திருக்கின்றன என்று அர்த்தம். வெள்ளையாக இருக்கும்வரை யாருக்கும் தெரியாது, சாயம் ஏறியதும்தான் பல்லிளிக்கும்.

அவள் உடனே கம்ப்யூட்டரில் அந்த லாட்டுக்கு நிறுத்தம் போட்டாள். நிறுத்தம் போட்டால் லாரிக்குச் சீட்டு அடிக்க முடியாது. பிறகு நேராக மேனேஜரிடம் போய் வாயாலும் சொன்னாள். அவர் பூஜைத் தட்டோடு நின்றிருந்தார்.

"ஏம்மா, இன்னைக்கு மெசினே ஓடல, நீ என்னத்தச் சோதிக்கிற? செத்த நேரம் சும்மா இரு. பொரிய வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போ."

அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

அதே நேரத்தில் தங்கவேல் அண்ணன் தன் அறைக்குப் பூஜை போட்டுக்கொண்டிருந்தார். சர்வரை அணைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும், அதனால் அணைக்கவில்லை, மாலை மட்டும் போட்டார். ஆனால் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஏதாவது ஒரு ஆயுதத்தை வைக்க வேண்டுமே. அந்த அறையில் கையால் எடுக்கக் கூடியதாக, அவர் தினமும் துடைத்துப் பேணியதாக இருந்தது அந்த டிஸ்க் ஒன்றுதான். வயரைப் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைத்துவிட்டார். பின்னால் நான் கேட்டபோது, "நான் என்ன பண்ணேன் மேடம்? சாமிக்கு முன்னாலதான வச்சேன். செருப்புக்குப் பக்கத்துலயா வச்சேன்?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரிடம் அது என்ன பெட்டி என்று யாருமே சொன்னதில்லை.

ஜர்னல் எழுத இடமில்லை என்றதும் டேட்டாபேஸ் தானாக நின்றுவிட்டது. நாகஜோதியை விட்டால் அன்று அந்த மில்லில் ஒழுங்காக நடந்துகொண்டது அது மட்டும்தான்.

வாசலில் லாரி நின்றிருந்தது. சின்னாளபட்டிக்கு நூல் எடுக்கும் ஒரு வியாபாரியுடைய சரக்கு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, நல்ல நேரத்துக்குள் கிளம்ப வேண்டும். சீட்டு அடிக்கப் போனால் திரை செத்துக் கிடக்கிறது. தங்கவேல் அண்ணன் பதறிப்போய் டிஸ்க்கைத் திரும்பச் செருகினார். நான் எழுதிக் கொடுத்தபடியே சர்வர் அதற்கு வேறு எழுத்தைக் கொடுத்தது, ஜர்னலைக் காணோம் என்றது. நம் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

இங்கேயும் பூஜை. சீனியர் ஒரு கையில் பொரியும் மறு கையில் போனுமாக இருந்தார். நான் எதிரில் நின்றிருந்தேன். நடந்ததைக் கேட்டதும், "சார், பழைய எழுத்தையே திரும்பக் குடுக்கச் சொல்லுங்க. டேட்டாபேஸே ஜர்னலப் பாத்து மிச்சத்த ஏத்திக்கும். காத்திருந்தாப் போதும்" என்றேன். அவர் கையைக் காட்டி என்னை அமர்த்தினார். மறுமுனையில் மேனேஜர் கத்துவது எனக்கே கேட்டது. சீனியர் பொரியை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"பழச விடுங்க. புதுசா காலி ஜர்னல் வச்சு ஸ்டார்ட் பண்ணிருங்க, உடனே வந்துரும். பூச நாளு, எவன் என்ட்ரி போட்டிருக்கப் போறான்?"

அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். அவருக்கு விஷயம் தெரியாது என்று நினைக்காதீர்கள். என்னைவிட நன்றாகத் தெரியும். பூஜை நாளில் யாரும் வேலை செய்திருக்க மாட்டார்கள் என்று நம்பினார், அவ்வளவுதான். யாராவது செய்தார்களா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எதிர் அறையில்தான் பதில் இருந்தது.

ஆணியில் குத்திய சீட்டு நோட்டில் ஏறுவதற்கு முன்னால் ஆணியைத் தூக்கி எறிந்தால் என்ன ஆகும்? நோட்டு சுத்தமாக இருக்கும். அடித்தல் திருத்தல் எதுவும் இருக்காது. பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகமும் வராது. நாகஜோதி போட்ட நிறுத்தம் அந்தக் காலை நேரத்துச் சீட்டுகளோடு போய்விட்டது. லாரிக்குச் சீட்டு அடித்தார்கள். வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பியது.

சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையை வெள்ளையாக நெய்து, பிறகுதான் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் இறக்குவார்கள். அதனால் தறியில் யாருக்கும் தெரியவில்லை. நெய்து, முடிச்சுப் போட்டு, சாயம் ஏற்றி, பிரித்து உதறியபோது சேலைகள் கோடு கோடாக வந்தன. வியாபாரி நூலைத் திருப்பினார். மில்லில் விசாரணை. "லேப்ல ஓகே ஆனதாலதான் அனுப்புனோம்" என்றார் மேனேஜர். திரையைக் காட்டினார்கள். அந்த லாட்டுக்கு எதிரே நிறுத்தம் எதுவும் இல்லை. நாகஜோதியின் கையில் மெமோ கொடுத்தார்கள்.

அவள் எனக்கு நேராகப் போன் செய்தாள். "அக்கா, நான் போட்டேன். என் கையால போட்டேன். வாயாலயும் சொன்னேன். இல்லவே இல்லங்கிறாக. இந்த வேல போச்சுன்னா இந்தப் பக்கம் ஒரு மில்லும் என்னைய வாசல்ல சேக்காது."

போனேன். நான் கேட்ட முதல் கேள்வி, அந்த டிஸ்க் எங்கே என்பதுதான். புது ஜர்னலைச் சர்வருக்குள்ளேயே வைத்துவிட்டதால் வெளி டிஸ்க் வேலையில்லாமல் கிடந்தது. தங்கவேல் அண்ணன் அதை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உறை போட்டுத்தான் வைத்திருந்தார். பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. சாமிக்கு வைத்ததைத் துடைக்க அவருக்கு மனசு வரவில்லை.

டிஸ்க்கில் எதையும் எழுதாமல் ஜர்னலை என் மடிக்கணினிக்குப் பிரதி எடுத்தேன். பூஜைக்கு முந்தைய பேக்கப்பை வைத்து, அதன்மேல் ஜர்னலை வரிசையாக ஓட்டினேன். நாகஜோதி என் தோளுக்குப் பின்னால் நின்றாள், மூச்சு என் காதில் பட்டது. அந்த வரி வந்தது. லாட் எண், நிறுத்தம், அவள் பெயர், காரணம்: 'சாயதில் கோடு.' காலை நேரத்தோடு.

அவள் சத்தமாகச் சிரித்தாள். "பாத்தீகளா? எழுத்துப்பிழையோடயே இருக்கு. அது நான்தான். வேற எவளும் அப்படி எழுத மாட்டா."

அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையை மீட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நம்பிய கடைசி நாள் அது.

அறிக்கை எழுதினேன். மூன்றே செய்திகள். அந்தக் காலை நேரத்துப் பதிவுகள் மில்லின் டேட்டாபேஸில் இல்லை. நம் நிறுவனத்தின் ஆலோசனைப்படி ஜர்னல் ஒதுக்கப்பட்டதே காரணம். ஒதுக்கப்பட்ட மூல ஜர்னலில் லேப் போட்ட நிறுத்தம் இருக்கிறது. சீனியர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார்.

"நீ எழுதினதுல ஒரு எழுத்து தப்பில்லம்மா. ஆனா இத அனுப்புனா, ஒதுக்கச் சொன்னது யாருன்னு கேப்பாக."

"யார் சார் சொன்னது?"

அவர் சிரித்தார். "அதத்தான் நானும் சொல்றேன்."

மில்லுக்குப் போன அறிக்கையில் முதல் செய்தி இருந்தது. மற்ற இரண்டும் இல்லை. அவற்றின் இடத்தில் ஒரு வரி: 'தற்போதுள்ள பதிவுகளில் அந்த லாட்டுக்கு லேப் நிறுத்தம் எதுவும் காணப்படவில்லை.' அதுவும் உண்மைதான். மேனேஜருக்கு அதைவிட வசதியான உண்மை கிடைத்திருக்காது. என் முழு அறிக்கையை என் பெயரிலேயே மில் முதலாளிக்கு அனுப்பினேன். எதுவானாலும் உங்கள் நிறுவனம் வழியாகப் பேசவும் என்று அவர் அலுவலகத்திலிருந்து ஒரு வரி பதில் வந்தது. அதற்குப் பிறகு என்னை அந்த மில்லுக்கு அனுப்பவில்லை. டிஸ்க்கை மட்டும் சீனியர் போய், பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தார். பரிசோதிக்கவில்லை.

நாகஜோதியை வேலையை விட்டு நீக்கினார்கள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தாள்.

"அக்கா, உங்க ஆபீசுத் தாள விசாரணையில வாசிச்சப்ப நானும் அங்கதான் இருந்தேன். ஒவ்வொரு வரியும் நெசம். பொய்யே இல்ல. வாசிச்சு முடிச்சாக, பாத்தா நான் பொய்க்காரி."

நான் டீயை ஆற்றினேன்.

"நீங்க அம்புட்டு மெனக்கெட்டு எடுத்தீகள்ல, அத யாருமே பாக்கலயா?"

"எங்க ஆபீசுலயும் உங்க முதலாளி ஆபீசுலயும் மூணு பேர் பாத்தாங்க" என்றேன். "பாத்தவங்க எல்லாருக்கும் புரிஞ்சது."

அவள் டீ டம்ளரை வைத்துவிட்டு, "அப்ப சரி" என்றாள். அந்த 'சரி'யை இன்றுவரை என்னால் எங்கும் வைக்க முடியவில்லை.

அவள் விடவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறாள், வாய்தா மேல் வாய்தா ஓடுகிறது. என் பிரதியை அவளுடைய வக்கீலிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, பிரதியை நானே தயாரித்ததாகச் சொல்லிவிடுவார்கள், மூல டிஸ்க் வேண்டும் என்றார். அதை வரவழைக்க மனுப் போட்டிருக்கிறார். இன்னும் உத்தரவு வரவில்லை. அடுத்தவர் உடைமையை நானாக எடுத்துக்கொண்டு போனால் அதையே எனக்கு எதிராகவும் அவளுக்கு எதிராகவும் திருப்புவார்கள். அதனால் அது இருக்கும் இடத்திலேயே இருக்கிறது.

போன வாரம் சீனியர் என்னிடம், "அந்தப் பழைய டிஸ்க்க ஃபார்மட் பண்ணி உதிரியில சேத்துரும்மா, சும்மாதான கெடக்கு" என்றார். மனுவைப் பற்றி அவருக்குத் தெரியும். அழிக்கமாட்டேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "அப்ப மாசக் கடைசியோட பாத்துக்கலாம்" என்றார். நான் கிளம்புவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு முழுப் பதில். வேகத்துக்கு, டேட்டா இல்லாத தனி டிஸ்க்கில் வையுங்கள். டேட்டா டிஸ்க் போனாலும் மீட்பதற்கு, இன்னொரு பிரதியை வேறு கட்டடத்தில் வையுங்கள். இவை இரண்டும் எந்தப் பாடத்திலும் இருக்கும். மூன்றாவது, ஜர்னலால் யார் மாட்டிக்கொள்வார்களோ அவர்கள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். நம் தொழிலில் அப்படி ஒரு இடத்தை நான் இதுவரை பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தால் அங்கே வையுங்கள்.

ஒப்படைப்புக் குறிப்பில் நான் முடிக்காமல் விட்ட வேலை ஒன்றுதான், கடைசி வரிசை எண்ணில் இருக்கிறது. உதிரிப் பொருள் அலமாரியின் கீழ்த் தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், காய்ந்த பொட்டோடு ஒரு டிஸ்க். நான் போன பிறகு சீனியர் உங்களில் ஒருவரைக் கூப்பிட்டு அதை அழிக்கச் சொல்வார். அவசரம் என்பார், சின்ன வேலை என்பார். உண்மையிலேயே சின்ன வேலைதான். யாரும் பார்க்கமாட்டார்கள், எந்தத் தடயமும் இருக்காது.

அதற்குள் நீதிமன்ற உத்தரவு வந்துவிடலாம். வராமலும் போகலாம். நாகஜோதியின் நாற்காலி இப்போது உங்கள் கையில் இருக்கிறது.